பாஸ்டனைச் சிவப்புக் கோட்டின் வழியே நடந்து பார்ப்பது எப்படி?

பாஸ்டனுக்கு முதல் தடவை வருகிறவர்கள் நீளமாகப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடப் பார்க்கிறார்கள். சாயங்காலம் கால் வீங்கியதுதான் மிச்சம். இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் தெரு, மறுநாள் மியூசியம்.

1. கிளம்பும் முன்

கார் வேண்டாம். பழைய ஊர், குறுகலான தெருக்கள், பார்க்கிங் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். ஊர்க்காரர்கள் ‘டி’ என்று சொல்லும் ரயிலில் ஏறி, பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் 1897-ல் ஓடத் தொடங்கியது இங்கேதான். ஆக, இறங்கும்போதே ஒரு சரித்திரச் சின்னத்தைப் பார்த்தாயிற்று.

நடந்து பழகிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள், தங்கள் படம் போட்ட அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் வைத்திருங்கள். கடைசியில் கப்பலில் ஏற அது வேண்டும்.

2. கோட்டின் வழியே நடங்கள்

மேலே ஏறி வந்தால் பாஸ்டன் காமன், 1634-லிருந்து இருக்கும் பூங்கா. நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். சில இடங்களில் செங்கல் பதித்தது, சில இடங்களில் வெறும் பெயின்ட். இதுதான் ஃப்ரீடம் ட்ரெயில்: சுமார் 4 கி.மீ., 16 இடங்கள். மேப்பே தேவையில்லை. ஆனால் பதினாறிலும் உள்ளே நுழைய வேண்டும் என்று ஒன்றுமில்லை. முக்கால்வாசியை வெளியே நின்று பார்த்தாலே போதும்.

நான் நிதானமாக நிற்கும் முதல் இடம் கிரானரி கல்லறைத் தோட்டம். கட்டணம் இல்லை. நடுவில் ‘ஃப்ராங்க்ளின்’ என்று பெரிதாகப் பொறித்த தூணைப் பார்த்ததும் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அது அவருடைய பெற்றோருக்கு எழுப்பியது. அவர் இருப்பது ஃபிலடெல்ஃபியாவில். பழைய பலகைக் கற்களில் குனிந்து பாருங்கள், சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கியிருக்கும். பிரிட்டிஷ் படை வருகிறது என்று 1775-ல் இரவோடு இரவாகக் குதிரையில் போய் எச்சரித்த பால் ரெவியரின் கல் மேல் யாராவது சில்லறைக் காசு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

3. எதற்கு டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம்?

முதலில் ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ், பழைய கூட்ட மண்டபம். 1773 டிசம்பர் 16 அன்று இங்கே கூடியவர்களில் ஒரு கூட்டம்தான், பிரிட்டனின் தேயிலை வரியை எதிர்த்துத் துறைமுகத்துக்குப் போய் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது. நம் ஊரை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. காலையில் டீ இல்லாமல் கண் திறக்காத எனக்கு, அந்தத் தேயிலையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்து ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ். 1713-ல் கட்டியது, இப்போது கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பொம்மை வீடு மாதிரி நிற்கிறது. 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தது இதன் வாசலில்தான்; தரையில் வட்டமாகக் கல் பதித்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் ஒரு பால்கனி. 1776 ஜூலை 18 அன்று அதிலிருந்துதான் இந்த ஊர் மக்களுக்கு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார்கள்.

4. சாப்பாடு, அப்புறம் பாலம்

மதியம் நார்த் எண்ட் போய்விடுங்கள். இத்தாலியர்கள் குடியேறிய பேட்டை, சைவக்காரர்களுக்கு பீட்சா கைகொடுக்கும். பால் ரெவியர் வீட்டையும் ஓல்ட் நார்த் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுப் பாலத்தைக் கடந்தால் சார்ல்ஸ்டவுன். 1797-ல் கடலில் இறக்கிய யு.எஸ்.எஸ். கான்ஸ்டிட்யூஷன் போர்க்கப்பல் அங்கே நிற்கிறது. ஏறிப் பார்க்கக் கட்டணமில்லை.

கோடு முடிவது பங்கர் ஹில் தூணில், 1775-ல் பிரிட்டிஷ் படையோடு நடந்த சண்டையின் நினைவுச் சின்னம். 221 அடி உயரம், 294 படி, லிஃப்ட் கிடையாது. ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டி வந்திருந்தால் கீழே புல்தரையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள். திரும்பும்போது படகில் வாருங்கள். நடந்த ஊரைத் தண்ணீரிலிருந்து பார்க்கலாம்.

5. மறுநாள் மியூசியம்

முதலில் விடுமுறை நாளைப் பாருங்கள். ஒரு தடவை பனியில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய், பூட்டிய கதவின் முன்னால் செல்ஃபி எடுத்துத் திரும்பியவன் நான். நீங்கள் தங்கும் வீட்டில் யாரிடமாவது உள்ளூர் நூலக அட்டை இருந்தால், அதை வைத்துச் சலுகை பாஸ் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். டிக்கெட் செலவு கணிசமாகக் குறையும்.

நுண்கலை மியூசியத்தில் இந்தியக் கலைப் பகுதியைத் தவறவிட வேண்டாம். கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1917-ல் அதன் பொறுப்பேற்று, 1947-ல் இறக்கும்வரை இந்த மியூசியத்தோடே இருந்தார்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் மியூசியம். நேரம் குறித்து முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். டச்சு அறையில் ஓவியம் இல்லாத வெறும் படச்சட்டங்கள் தொங்கும். 1990 மார்ச்சில் 13 பொருள்கள் திருடு போயின, இன்னும் கிடைக்கவில்லை. தான் வைத்ததை வைத்தபடி விட வேண்டும் என்று மியூசியத்தை நிறுவிய இசபெல்லா அம்மாள் உயில் எழுதியிருந்ததால் படச்சட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்று: இசபெல்லா என்று பெயர் உள்ளவர்களுக்கு இங்கே அனுமதி இலவசம். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை.