ஜெர்மன் குடும்பப் பெயர்: வேர் தேடுகிறவர்கள் தவறுகிற இடங்கள்

பெயருக்குப் பொருள் தெரிந்ததும் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. 'மையர்' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். லத்தீன் 'மாயோர்' வழி வந்த இது, இடைக்காலத்தில் பிரபுவின் நிலத்தையோ மடத்து நிலத்தையோ மேற்பார்த்த காரியக்காரரைக் குறித்தது. அப்படிப்பட்ட காரியக்காரர் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அதனால் பெயரும் தனித்தனியாகப் பல இடங்களில் முளைத்தது. இரண்டு மையர்கள் உறவினர்கள் என்பதற்குப் பெயர் மட்டும் சாட்சியாகாது.

யூதக் குடும்பமாக இருந்தால் கதையே வேறு. அங்கே அது பெரும்பாலும் 'மெயிர்' என்ற ஹீப்ரு ஆண்பெயரிலிருந்து வந்திருக்கும். ஆஸ்திரியாவில் 1787, பிரஷ்யாவில் 1812 ஆணைகளுக்குப் பிறகுதான் யூதர்களில் பலர் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய பதிவுகளில் அந்தப் பெயரையே தேடினால் பலரைத் தவறவிடுவீர்கள்.

எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் வீண். மையரை ஜெர்மனில் நாலைந்து விதமாக எழுதலாம், உச்சரிப்பு ஒன்றுதான். ஒரே மனிதரின் ஞானஸ்நானப் பதிவில் ஒரு விதம், திருமணப் பதிவில் இன்னொரு விதம் இருக்கும். பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான். பெண்கள் பெயரில் 'இன்' விகுதியும் சேரும்: 'மையரின்'. அதை வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் இன்னும் வேடிக்கை. அங்கே பல இடங்களில் பெயர் பண்ணையோடு ஒட்டியிருந்தது. வாரிசுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டோடு வந்த மாப்பிள்ளை, அந்தப் பண்ணையின் பெயருக்கே மாறிவிடுவார். பிறந்த வீட்டிலேயே தங்கிய அவருடைய அண்ணன் தம்பிக்குப் பழைய பெயர். பதிவேட்டில் இரண்டு பெயருக்கு நடுவில் 'கெனான்ட்', அதாவது 'என்று அழைக்கப்படும்', இருந்தால் அப்பன் பெயரை நூல் பிடித்து மட்டும் போகாதீர்கள்.

'உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்' என்று விற்கிறார்களே, அந்தக் கேடயப் படத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கு உரியது, அந்தப் பெயர் கொண்ட எல்லாருக்கும் பொதுவானதல்ல. பெயருக்கு முன் 'ஃபொன்' வந்தாலே பிரபு வம்சம் என்பதும் சரியில்லை. வடக்கே சாதாரண விவசாயிகளுக்கும் அது உண்டு.

அப்புறம், குடியேற வந்தவர்களை நியூயார்க் துறைமுகத்தில் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிதான் பெயரை மாற்றினார் என்று அமெரிக்கக் குடும்பங்களில் அடிக்கடி சொல்வார்கள். அந்த அதிகாரிகள் கையில் இருந்தது கப்பலோடு வந்த பயணிகள் பட்டியல். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே, அதுவும் ஊரில் காலூன்றிய பிறகு.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முன்னோரின் சொந்த ஊரிலிருந்து. அது தெரியாமல் தேவாலயப் பதிவேட்டைத் திறக்கவே முடியாது. ஹாம்பர்க் துறைமுகத்தின் 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்களில் பயணியின் ஊர் இருக்கும். இன்னொரு துறைமுகமான பிரேமனின் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அந்த வழியாகப் போனவர்களுக்கு, அமெரிக்காவிலிருந்த ஜெர்மன் தேவாலயங்களின் திருமண, மரணப் பதிவுகளைப் பாருங்கள்.