போன பணத்தை மீட்டுத் தரேன்னு போன் வந்தா என்ன பண்ணணும்

எங்க சித்தப்பா ஷேர் டிரேடிங்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்ல மாட்டி நாலு லட்சம் விட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு போன், "சைபர் கிரைம் ரெகவரி செல்ல இருந்து பேசுறோம், உங்க பணம் பிரீஸ் ஆகி ரெடியா இருக்கு"ன்னு. எவ்ளோ போச்சு, எந்த தேதி, எந்த பேங்க், எல்லாம் கரெக்டா சொல்றான். வாட்ஸ்அப்ல ஒரு லெட்டர் வேற, மேல சிங்க முத்திரை, கீழ ரவுண்ட் சீல், பச்சை மையில கையெழுத்து. 18,500 பீஸ் கட்டுனா சாயந்தரமே கிரெடிட்னான், சித்தப்பா கட்டிட்டாரு. ராத்திரி ஜிஎஸ்டி பாக்கின்னு திரும்ப கேட்டப்பதான் எனக்கு போன் பண்ணாரு, குரலே வெளிய வரல.

இவ்ளோ விவரம் தெரிஞ்சிருக்கே, ஆபீசராதான் இருப்பாருன்னு அவர் நம்பிட்டாரு. ஆனா அந்த விவரம் முதல்ல திருடினவன்கிட்டயும் இருக்கும்ல, அவனே திரும்ப வரலாம், இல்ல லிஸ்ட்டை வேற எவனுக்காவது வித்திருக்கலாம். அதனால உங்க கேஸ் விவரம் சொல்றான்னு மட்டும் யாரையும் நம்பாதீங்க.

நிஜமா பணம் எப்படி திரும்ப வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். சைபர் மோசடிக்கான அரசு ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணியோ சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் சைட்லயோ கம்ப்ளைன்ட் குடுத்தா, பணம் எந்தெந்த அக்கவுண்டுக்கு தாவிச்சோ அங்க மிச்சம் இருக்கறதை பேங்க் ஹோல்ட் பண்ணும். அதை விடுவிக்க பொதுவா கோர்ட் ஆர்டர் வேணும், முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) பிரிவு 457, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல பிரிவு 503. ஆர்டர் வந்தா பணம் நேரா உங்க அக்கவுண்டுக்கு வரும். இதுல எங்கயும் போன்ல கேக்கற ப்ராசஸிங் பீஸ், ஜிஎஸ்டி, டெபாசிட் எதுவும் கிடையாது. வக்கீல் வேணும்னா கோர்ட்டுக்கு நேர்ல போய் பாத்து வைங்க, வசதி இல்லன்னா 15100ல இலவச சட்ட உதவி கேக்கலாம். இன்னொன்னு, கொள்ளைக்காரன் ஏற்கனவே எடுத்துட்டுப் போன பணம் கிடைக்காமலும் போகலாம், கஷ்டம்தான், ஆனா நூறு பர்சன்ட் கேரண்டின்னு எவன் சொன்னாலும் பொய். கிரிப்டோல போனதை ஹேக் பண்ணி எடுத்து தரேங்கறவனும் அதே கேஸ்தான்.

போன் வந்தா பேச்சை வளக்காம கட் பண்ணுங்க. அவன் குடுக்கற நம்பருக்கு திரும்ப கூப்பிடாதீங்க, 1930ஐ நீங்களே டயல் பண்ணுங்க, இல்ல கம்ப்ளைன்ட் நம்பரோட ஸ்டேஷனுக்கு நேர்ல போங்க. எனிடெஸ்க் (உங்க போனை அவன் தூரத்துல இருந்தே இயக்கற ஆப்) போடு, ஏபிகே பைல் (பிளே ஸ்டோர்ல இல்லாம நேரா அனுப்பற ஆப்) இன்ஸ்டால் பண்ணுன்னா வேணாம். பணம் வாங்க யுபிஐ பின் போடவே தேவையில்ல, பின் கேட்டா உங்க காசு போகப்போகுதுன்னு அர்த்தம்.

பேஸ்புக்ல "நானும் ஏமாந்தேன்"னு எழுதறவங்க போன் நம்பர், கம்ப்ளைன்ட் நம்பர் போடாதீங்க ப்ளீஸ், உடனே "இவர்தான் எனக்கு மீட்டு குடுத்தாரு, இன்ஸ்டால மெசேஜ் பண்ணுங்க"ன்னு பத்து பேர் வருவான், பாதி அக்கவுண்ட் நேத்து ஆரம்பிச்சதா இருக்கும்.

ரெண்டாவது தடவையும் கட்டிட்டீங்களா? வெக்கப்பட்டு உக்காராதீங்க, அதே நிமிஷம் திரும்ப 1930, அதுக்கு தனி கம்ப்ளைன்ட். பணம் போகாம வெறும் போன் மட்டும் வந்திருந்தா, அந்த நம்பரை அரசோட சஞ்சார் சாத்தி சைட்ல சக்ஷு பக்கத்துல ரிப்போர்ட் பண்ணுங்க. சித்தப்பா முதல் தடவை ஏமாந்ததை சித்திகிட்ட கூட சொல்லல, தனியா மனசுக்குள்ள போட்டு புழுங்கிட்டு இருந்தாரு, அதனாலதான் அந்த போன் அவருக்கு சாமி வரம் மாதிரி இருந்துச்சு. வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க. எங்க வீட்ல இப்ப அந்த பணத்தை பத்தி எந்த போன் வந்தாலும் சித்திதான் எடுக்கணும்னு பேசி வச்சிருக்கோம். போன வாரம் ஒருத்தன் கூப்பிட்டான், சித்தி "எந்த ஸ்டேஷன் தம்பி, நாங்களே நேர்ல வர்றோம்"னாங்க, வச்சுட்டான்.