சித்திரை வெயிலில் புல்லை ஒட்ட வெட்டாதீர்கள்

மதுரையில் சித்திரைத் திருவிழா நெருங்கும்போது வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. அந்த நாட்களில் புல்தரையை மொட்டையடித்தாற்போல் வெட்டுவது பெரும் தவறு. மண்ணுக்கு நிழலில்லாமல் போய், புல் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். ஒரு முறைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 3 அங்குலம் வளர்ந்திருந்தால் 2 அங்குலம் நிற்கட்டும்.

வெட்டிய மறுநாள் காலை, குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பாருங்கள். நுனி நேராக அறுபட்டிருந்தால் நல்லது. தேங்காய் நார்போலப் பிய்ந்து வெளுத்திருந்தால் புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். எங்கள் புல்தரையின் நுனியெல்லாம் பழுப்பேறியபோது, ஏதோ நோய் என்று மருந்து வாங்கவே கிளம்பிவிட்டேன். தெருவில் வந்த சாணை பிடிப்பவரிடம் கத்தியைக் கொடுத்து வாங்கிய பிறகு, அடுத்த வெட்டிலிருந்து நுனி பச்சையாகவே நிற்கிறது.

ஐப்பசி மழையில் நனைந்த புல்லைத் தொடவே வேண்டாம். சீராக அறுபடாது, கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். காய்ந்த நாளில் வெட்டி விழும் சிறு துணுக்குகளை வாரிக் கொட்டாமல் அங்கேயே விடுங்கள். அவை மட்கி, தழைச்சத்தாக மண்ணுக்கே திரும்பும். இயந்திரத்தைத் தள்ளும் திசையையும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.