பிரசர் குறையவில்லையா? நித்திரையைக் கவனியுங்கள்

கிளினிக் கொப்பியில் மாதந்தோறும் குருதியமுக்கம் 150, 160 என்றே பதிவாகிறது, குளிசைகள் மூன்றாகிவிட்டன, உப்பையும் குறைத்தாயிற்று. வன்னியில் உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் குளிசைகளைத் தவறாமல் எடுக்கிறார் என்பதை உறுதிசெய்துகொண்டு, அடுத்ததாக அவர் உறங்கும் விதத்தைப் பாருங்கள்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது சிலருக்கு மூச்சுப்பாதை அடைபட்டுவிடுகிறது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு உடலை எழுப்புகிறது. குருதிக் குழாய்கள் இறுகி, இதயம் விரைந்து, அமுக்கம் சட்டென ஏறுகிறது. கடுமையான நிலையில் இது மணிக்கு 30 தடவைக்கு மேல் நிகழும். உறக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய அமுக்கம் இறங்காமல் நிற்பதுடன், நாளடைவில் பகலிலும் உயர்ந்துவிடுகிறது.

உறங்குபவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுப்பவரே பார்க்க வேண்டும். உரத்த குறட்டை திடீரென நிற்கும். நெஞ்சும் வயிறும் அசையும், ஆனால் மூக்கருகே கை வைத்தால் காற்று படாது. அப்போது ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். பத்து விநாடிக்கு மேல் சென்று, திணறலோடு மூச்சு திரும்பினால், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவுசெய்தால் இன்னும் நல்லது. குறட்டையை ஆழ்ந்த நித்திரையின் அடையாளமாகவே நம்மவர்கள் எண்ணுவதால், அதை வைத்தியரிடம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அதனாலேயே இதை வற்புறுத்துகிறேன்.

காலைத் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவற்றையும் எழுதுங்கள். வயலில் வேலை செய்தவர் மத்தியானம் கண்ணயர்வது இயல்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிப்போவது அப்படியன்று. அத்தகையவர் உழவு இயந்திரத்தையோ, ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளையோ ஓட்ட விடாதீர்கள். பருத்த உடலும் தடித்த கழுத்தும் உள்ளவர்களுக்கே இது அதிகம் என்றாலும், தாடை சிறுத்த மெலிந்தவர்களுக்கும் வரும்.

இன்றிரவே அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். இரவில் சாராயமும் கள்ளும் வேண்டாம். அவை தொண்டையை மேலும் தளர்த்தும். வைத்தியர் தராத நித்திரைக் குளிசையும் கூடாது. எடை கூடியவருக்கு அதைக் குறைப்பது பெரிதும் உதவும்.

கிளினிக்கில் கொப்பியை நீட்டும்போதே, “இவருக்கு நித்திரையில் மூச்சு நிற்கிறது” என்று சொல்லி, எழுதியதைக் காட்டி, உறக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பரிசோதனையில் உறுதியானால், காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் முகமூடிக் கருவியைப் பரிந்துரைக்கலாம். அது அமுக்கத்தைச் சராசரியாகச் சில புள்ளிகளே குறைக்கும் என்பதால், வைத்தியர் சொல்லும்வரை பிரசர் குளிசையை நிறுத்தக்கூடாது.