பொங்கலன்று தண்ணீர் ஏறவில்லை

கொழிஞ்சாம்பாறையில் அத்தை வீட்டுப் பொங்கலுக்கு 22 பேர் கூடியிருந்தோம். அப்பா போன பிறகு எல்லோரும் சேர்ந்தது இதுதான் முதல்முறை. பானை பொங்கிய கையோடு கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை.

மோட்டார் புகைந்துவிட்டது என்றார் மாமா. எனக்கோ ஃபுட் வால்வு மேல்தான் சந்தேகம்; கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது அதுதான். அது ஒழுகினால் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்று புகுந்தால் பம்பால் தண்ணீரை இழுக்க முடியாது. மெயினை அணைத்துவிட்டு, சித்தப்பாவும் நானும் குழாயைத் தூக்கினோம். வால்வுக்குள் தென்னை நார் சிக்கி, வாஷர் ஓரம் கிழிந்திருந்தது. பழைய லாரி ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். அப்புறம் குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, குமிழி நின்றதும் மூடியை இறுக்கி சுவிட்சைப் போட்டேன்.

கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. முதல் குடத்தை அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அத்தை அழுதார்.