கடைசி வினையில் கனத்தை ஏற்றாதீர்கள்: வசனத்தைப் பிரித்துப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்து வேதபாட வகுப்புகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் நோட்டும் கலர் பேனாவுமாக வந்து உட்காருகிறார்கள். வசனத்தை எழுதி, கோடு போட்டு, எது முதன்மை வாக்கியம், எது சார்பு வாக்கியம், எது வெறும் சொற்றொடர் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் முன்னால் தொடங்கியவர்கள் எந்தக் கல்லில் இடறினார்களோ அதே கல்லில்தான் இவர்களும் இடறுகிறார்கள். எழுவாயைத் தவறவிடுவது, காற்புள்ளியைக் கவனிக்காதது போன்றவை இரண்டு வாரத்தில் தாமாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். வருஷக்கணக்கில் கூடவே வருகிற தவறுகள் வேறு.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் பெரும்பாலான வீடுகளில் இருக்கிற பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து, அதாவது 1871-இல் வெளிவந்த பவர் திருப்புதலிலிருந்து. பிரிப்பதற்கு ஒரே அளவுகோல்: வினை இருந்தால் அது வாக்கியம், அந்த வினை முற்றாக (பொருள் முடிந்து நிற்பது) இருந்தாலும் எச்சமாக (முடியாமல் அடுத்த சொல்லை எதிர்பார்ப்பது) இருந்தாலும் சரி. வினை இல்லாத சொற்சேர்க்கை சொற்றொடர். முற்றுக்கு இரட்டைக் கோடு, எச்சத்துக்கு ஒற்றைக் கோடு, சொற்றொடருக்கு அடைப்புக்குறி. இதற்கு மேல் கலர் வேண்டாம்.

‘கொண்டு’, ‘குறித்து’, ‘முன்னிட்டு’ எல்லாவற்றையும் வினையாக எண்ணுவது

“கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்” (எபேசியர் 2:8). இதில் எத்தனை வாக்கியம் என்று கேட்டால் பாதிப் பேர் இரண்டு என்கிறார்கள். ‘கொண்டு’ என்பதற்கு ஒற்றைக் கோடு போட்டிருப்பார்கள். அது இங்கே வினையெச்சம் அல்ல, மூன்றாம் வேற்றுமைச் சொல்லுருபு, அதாவது ‘ஆல்’ என்ற உருபின் வேலையைச் செய்கிற சொல். சோதிக்க ஒரு வழி உண்டு. ‘விசுவாசத்தால்’ என்று மாற்றிப் படியுங்கள், பொருள் மாறவில்லை. ஆகவே ‘கிருபையினாலே’ ஒரு சொற்றொடர், ‘விசுவாசத்தைக்கொண்டு’ இன்னொரு சொற்றொடர், வினை ஒன்றே ஒன்று: இரட்சிக்கப்பட்டீர்கள். ரோமர் 12:1-இல் வரும் ‘தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு’ என்பதும் இதே வகைதான்.

“தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு” (லூக்கா 9:23) வேறு. அங்கே யார் எடுக்கிறார் என்று கேட்டால் பதில் உண்டு. அது உண்மையான வினையெச்சம்.

வினைமுற்றைத் தேடிக் களைத்துப்போவது

முதலாம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களை எழுதிக்கொள்ளுங்கள். நடவாமலும், நில்லாமலும், உட்காராமலும், பிரியமாயிருந்து, தியானமாயிருக்கிற. ஐந்திலும் முற்று இல்லை. புதியவர் தடுமாறி, ‘தியானமாயிருக்கிற’ என்பதற்கு இரட்டைக் கோடு போட்டுவிடுகிறார். முதன்மை வாக்கியம் கடைசி இரண்டு சொற்கள்தான்: மனுஷன் பாக்கியவான். எழுவாய் மனுஷன், பயனிலை பாக்கியவான். பயனிலை பெயராக இருக்கிறது, வினை தேவையில்லை; மேலே சொன்ன அளவுகோலுக்கு இது விலக்கு. முன்னால் வந்த அத்தனையும் சேர்ந்து அந்த ‘மனுஷன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அடைமொழியாக நிற்கின்றன. சங்கீதத்தின் மூலமொழியான எபிரெயத்தில் ‘பாக்கியவான்’ முதல் சொல். தமிழில் கடைசிச் சொல். பொருளில் இரண்டும் ஒன்றுதான்.

கடைசி வினையே தலைவினை என்று நினைப்பது

மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் இது நோட்டோடு நிற்காமல் பிரசங்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து சபையின் வருஷத் திட்டத்துக்கும் போகிறது.

மத்தேயு 28:19, 20: “ஆகையால், நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே அவர்களுக்கு ஞானஸ்நானங்கொடுத்து, நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்.”

வகுப்பில் ஒரு தம்பி கை தூக்குவார். “அண்ணே, புறப்பட்டுப்போய் எச்சம், சீஷராக்கி எச்சம், கொடுத்து எச்சம். முற்று ‘உபதேசம்பண்ணுங்கள்’ ஒண்ணுதான். அப்ப உபதேசம்தான் முக்கியக் கட்டளை, மத்ததெல்லாம் துணை. சரிதானே?” இலக்கணப் பெயர்களை எல்லாம் சரியாகச் சொன்னார். முடிவு மட்டும் தவறு.

தமிழில் முற்று கடைசியில் வருவது மொழியின் கட்டாயம். நான்கு வேலைகளைக் கோத்துச் சொன்னால், மூன்று எச்சமாகும், கடைசியில் நிற்பது முற்றாகும். கடைசியில் நிற்பதனாலேயே அதற்குக் கனம் கூடிவிடாது. ஒரு அம்மா மகனிடம் சொல்கிறார்: “மாட்டுத்தாவணிக்குப் போய், மேலூர் பஸ் ஏறி, அத்தைக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு வா.” முற்று எது? வா. அம்மா அனுப்பியது எதற்கு? மருந்துக்கு. மருந்தைக் கொடுக்காமல் திரும்பி வந்தால், ‘வா’ என்ற முற்றுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று எந்தப் பிள்ளையும் சொல்ல மாட்டான். வீட்டில் இவ்வளவு தெளிவாகப் புரிகிற தமிழை வேதாகமத்தைத் திறந்ததும் மறந்துவிடுகிறோம்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இந்த வாக்கியம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் காதால் பிடிக்கலாம். பொரெயுதேந்தெஸ், பாப்டிட்ஸோந்தெஸ், திதாஸ்கோந்தெஸ். மூன்றும் ‘ந்தெஸ்’ என்று முடிகின்றன. மூன்றும் எச்சம் போன்றவை. போய், ஞானஸ்நானங்கொடுத்து, உபதேசித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது மாத்தேட்யூசாத்தே. அதற்கு அந்த ஈறு இல்லை. வாக்கியத்தில் ஏவல் வினை அது ஒன்றுதான்: சீஷராக்குங்கள். நம் கையில் இருக்கிற தமிழில் அதே சொல் ‘சீஷராக்கி’ என்று எச்சமாக நடுவில் நிற்கிறது, கிரேக்கத்தில் எச்சமாக இருந்த உபதேசம் முற்றாகிவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் மேல் பிழை இல்லை. நீண்ட வாக்கியத்தைத் தமிழ் நடையில் கோத்தால் இப்படித்தான் வரும். கோட்டைப் போட்டவுடன் முடிவுக்கு ஓடுகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் எதிர்ப்பக்கம் விழுவதும் உண்டு. “ ‘போய்’ என்பது எச்சம்தானே, ஆகவே போகச் சொல்லவில்லை, போகிற வழியில் சீஷராக்கினால் போதும்” என்கிறார்கள். இதுவும் நிற்காது. மத்தேயு 11:4-இல் அதே ‘பொரெயுதேந்தெஸ்’ வருகிறது: யோவானிடத்தில் போய் அறிவியுங்கள். போகாமல் எப்படி அறிவிப்பது? ஏவலுக்கு முன்னால் வருகிற இந்த எச்சம் ஏவலின் வலுவைத் தானும் வாங்கிக்கொள்கிறது. இதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ‘போய்ச் சொல்லு’ என்றால் போகவும் வேண்டும், சொல்லவும் வேண்டும் என்று நமக்கு விளக்கவுரை இல்லாமலே தெரியும். ஏவலுக்குப் பின்னால் வருகிற மற்ற இரண்டும், ஞானஸ்நானமும் உபதேசமும், சீஷராக்குவது எப்படி நடக்கிறது என்று காட்டுகின்றன என்பதே பலரும் கொள்கிற பொருள்.

ஆகவே ‘செய்து’ என்ற வாய்பாட்டு எச்சம் (போய், சீஷராக்கி, கொடுத்து போன்றவை) வரும்போதெல்லாம் நிறுத்தி நான்கு கேள்விகள் கேளுங்கள். இது அடுத்த வினைக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறதா? அது நடக்கிற விதத்தைச் சொல்கிறதா? காரணத்தைச் சொல்கிறதா? அல்லது அதற்குச் சமமான இன்னொரு செயலா? செய்யும்படி, செய்தால், செய்தபடியால், செய்யாமல் போன்றவற்றுக்கு இந்தக் கேள்விகள் தேவையில்லை. அவை நோக்கம், நிபந்தனை, காரணம், எதிர்மறை என்று தம் உறவைத் தாமே சொல்லிவிடும். ‘செய்து’ மட்டும் சொல்லாது.

பதில் பிடிபடாவிட்டால், 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். இதே பகுதியில் அங்கே ‘போய்’ மட்டும் எச்சம். சீடராக்குங்கள், கொடுங்கள், கற்பியுங்கள் என்று மூன்று முற்றுகள். இரண்டு மொழிபெயர்ப்புகளில் முற்று இடம் மாறினால், அந்த இடத்தில் தமிழ் இலக்கணத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு அது அடையாளம். அரசரடி இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த ஆயர் பக்கத்தில் இருந்தால், நோட்டோடு போய்க் கேளுங்கள். “இந்த நான்கில் கிரேக்கத்தில் முற்று எது, ஐயா?” என்று கேட்டால் போதும். ‘மூலத்தில் என்ன அர்த்தம்’ என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பிரசங்கம்தான் கிடைக்கும்.

யோவான் 3:16-ஐயும் இதே கண்ணோடு பாருங்கள். “அவரைத் தந்தருளி, இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்.” தமிழில் ‘தந்தருளி’ எச்சம். கிரேக்கத்தில் அன்புகூர்ந்தார், தந்தார் இரண்டுமே முற்று. இவ்வளவாய் அன்புகூர்ந்தார், அதன் விளைவாகத் தந்தார் என்பது அமைப்பு. ‘நித்தியஜீவனை அடையும்படிக்கு’ என்பது எந்த வினையைச் சாருகிறது என்று காட்ட அதிலிருந்து அம்பு இழுக்கும்போது அது ‘தந்தருளி’யில் போய் முட்ட வேண்டும். ‘அன்புகூர்ந்தார்’ வரைக்கும் இழுத்துவிடுகிறார்கள்.

வசன எண்ணில் வாக்கியத்தை வெட்டுவது

வெட்டாதீர்கள். புதிய ஏற்பாட்டில் அந்த எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. நோட்டில் எழுதும்போது எண்ணை விட்டுவிட்டு எழுதுங்கள்.

பெயரெச்சத்தைப் பக்கத்துச் சொல்லோடு கட்டுவது

“உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி” (யோவான் 1:29). ‘சுமந்துதீர்க்கிற’ பெயரெச்சம், ஒரு பெயரை எதிர்பார்த்து நிற்கிற எச்சம். சுமந்துதீர்ப்பது ஆட்டுக்குட்டி. ‘தேவ’ நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான். ‘மதுரையிலிருந்து வந்த அண்ணனின் நண்பன்’ என்றால் வந்தது யார் என்று கேட்போமே, அதே கேள்வியை ஒவ்வொரு பெயரெச்சத்திடமும் கேட்க வேண்டும்.

ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற வாக்கியத்தை விட்டுவிடுவது

ரோமர் 8:28: “அவருடைய தீர்மானத்தின்படி அழைக்கப்பட்டவர்களாய் தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று அறிந்திருக்கிறோம்.” ‘சகலமும் நன்மைக்கு’ என்று காலண்டரிலும் ஆட்டோவின் பின்பக்கத்திலும் பார்த்துப் பழகிவிட்டதால், முன்னால் இருப்பதைப் பெயர்ச்சொல் என்று தள்ளிவிட்டுக் கோடு போடத் தொடங்குகிறார்கள். ‘அன்புகூருகிறவர்களுக்கு’ வினையாலணையும் பெயர், அதாவது செய்கிறவரைக் குறிக்கும் பெயராக நிற்கிற வினை. ‘தேவனிடத்தில்’ என்ற சொற்றொடரைத் தன்னிடம் வைத்திருக்கிறது, நான்காம் வேற்றுமை ஏற்று, நன்மை யாருக்கு என்று வரம்பு கட்டுகிறது. ‘அழைக்கப்பட்டவர்களாய்’ அதே ஆட்களைப் பற்றி இன்னொரு செய்தி. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் வசனம் எல்லாருக்கும் பொதுவான ஆறுதலாக மாறிவிடுகிறது; பவுல் அப்படி எழுதவில்லை. முதன்மை வினையோ ‘நடக்கிறது’ அல்ல, ‘அறிந்திருக்கிறோம்’. ‘என்று’ கண்ணில் பட்டதும் அதுவரை உள்ளதைப் பெரிய அடைப்புக்குள் போட்டுவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

எபேசியர் 1-இல் தொடங்குவது

வேண்டாம். 3 முதல் 14 வரை பன்னிரண்டு வசனங்களும் கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். முதலில் சங்கீதம் 1, பிறகு 25 வசனமே உள்ள பிலேமோன், அதற்குப் பிறகு மத்தேயு 28. எபேசியர் ஆறு மாதம் காத்திருக்கட்டும்.