லண்டனில் மினிகேப் ஓட நினைக்கிறீர்களா? வந்த நாளிலிருந்தே கவனிக்க வேண்டியவை

நம்மவர்கள் ‘பிசிஓ’ என்று சொல்லும் மினிகேப் (முன்பதிவு செய்து அழைக்கும் வாடகைக் கார்) சாரதி லைசென்ஸை லண்டனில் வழங்குவது டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் என்ற நகரப் போக்குவரத்து அமைப்பு. வந்த கையோடு அது கிடைக்காது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். முழு டிரைவிங் லைசென்ஸ் எடுத்து 3 வருடமாவது ஆகியிருக்க வேண்டும். ஊரில் எத்தனை வருடம் வான் ஓடியிருந்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது. இலங்கை, இந்திய லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓடலாம், மாற்றியும் தரமாட்டார்கள். ஆகவே இங்குள்ள டிரைவிங் டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனை, அதிலும் விரிவான வகை. கடந்த 5 வருட முகவரிகளை இடைவெளியில்லாமல் கேட்பார்கள். ஈஸ்ட் ஹாமில் மாமா வீட்டில் இரண்டு மாதம், ஹரோவில் வாடகை அறையில் நாலு மாதம் என்று மாறியிருந்தால், திகதியோடு அன்றன்றே குறித்து வையுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. வீட்டுச் சண்டையில் யாரோ பொலிஸைக் கூப்பிட்டு உங்களைப் பிடித்துப் போனால், சீக்கிரம் வீடு போனால் போதும் என்று ‘கோஷன்’ எனும் பொலிஸ் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். விரிவான சோதனையில் பின்னால் வந்து நிற்கக்கூடும். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணியும் மொழிபெயர்ப்பாளரும் எல்லோருக்கும் இலவசம். கேட்டு வாங்குங்கள். பழைய வழக்கு ஏதும் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்கவே வேண்டாம். மறைத்ததே மறுக்கக் காரணமாகிவிடும்.

கடந்த 3 வருடத்துக்குள் வெளிநாட்டில் தொடர்ந்து 3 மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டின் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்பார்கள். அகதியாக வந்தவர்கள் அதற்காக உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போய்விடாதீர்கள்! முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

மருத்துவச் சோதனை லொறி, பஸ் சாரதிகளுக்கான அளவில் இருக்கும். சோதிக்கும் டொக்டர் உங்கள் பழைய மருத்துவப் பதிவுகளையும் பார்க்க வேண்டும். ஆகவே ஜிபி எனும் குடும்ப டொக்டரிடம் இப்போதே பதிந்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் சீனி அளவைத் தவறாமல் பதிந்து காட்ட வேண்டும். ஆங்கிலம், வரைபடம் பார்த்தல் இரண்டுக்கும் தனிச் சோதனைகள் உண்டு.

இதற்கெல்லாம் பொறுக்காமல் மச்சானின் பட்ஜை (மினிகேப் சாரதியின் அடையாள அட்டை) வாங்கி ஓடுவது குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. மச்சானின் லைசென்ஸும் போய்விடும். இரவில் தனியாக ஏறும் பெண்ணுக்கு, ஓட்டுபவர் சோதிக்கப்பட்டவர் என்பதற்கு அந்த பட்ஜ்தான் அத்தாட்சி.